சிரங்குக்கு மருந்து வந்த வரலாறு



நம்ம மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரச் சொல்லி எங்க குழுத் தலைவி அக்கா கேட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். ராஜா, ராணி, போர் பற்றியெல்லாம் எழுத எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வரலாறு எனக்குத் தெரியும். அது சிரங்குக்கு மருந்து வந்த வரலாறு. "இதெல்லாம் ஒரு வரலாறா"ன்னு சிரிக்காதீங்க. படித்து முடித்த பிறகு சொல்லுங்க.

இதை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்க குழுவில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். சில வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சிரங்கு. அவள் விரல் இடுக்கிலும் இருந்தது. வாரக் கூட்டத்தில் சேமிப்புப் பணத்தைக் கையில் கொடுக்க வந்தவளிடம், "அப்படிக் கீழே வச்சிடும்மா, எடுத்துக்கிறோம்"னு சொன்னோம். சொன்னவர்களில் நானும் ஒருத்தி. "வீட்டைச் சுத்தமா வச்சிருந்தா இது ஏன் வருது"ன்னு அவள் காதுபடவே பேசினோம். அதற்குப் பிறகு அவள் ஆறு கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்பும் நின்றது, உள்கடன் தவணையும் நின்றது.

மறு வருஷம் சிரங்கு என் வீட்டுக்கே வந்தது. முதலில் அங்கன்வாடிக்குப் போகிற என் சின்ன மகளுக்கு. ராத்திரி ஆனால் போதும், சொறிந்து சொறிந்து அழுவாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் புண் இருந்த இடத்தில் பூசினேன். கொஞ்சம் அடங்கி மறுபடி வந்தது. பிறகு கடையில் "அரிப்புக்கு ஒரு களிம்பு குடுங்க"ன்னு கேட்டு வாங்கிப் பூசினேன். இரண்டு நாள் அரிப்பு நின்றது. அப்புறம் முன்னைவிட அதிகமாகப் பரவியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்றும், அது அரிப்பை மட்டும் அமுக்கிவிட்டுப் பூச்சியை உள்ளே பெருகவிடும் என்றும் பின்னால்தான் தெரிந்தது. தினமும் பாய், போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டுத் துவைத்தே என் இடுப்பு ஒடிந்தது. மூன்று மாதம் இப்படியே போனது.

கடைசியில் எங்க கிராம சுகாதார செவிலியர் அம்மா வந்து பார்த்தாங்க. அவங்க கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல மொத்தம் எத்தனை பேரு?" ஏழு பேர் என்றேன். "ஏழு பேருக்கும் ஒரே ராத்திரியில மருந்து பூசணும். அரிப்பு இல்லாதவங்களுக்கும்தான். கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு இடம் விடாம பூசணும். ஏழு நாள் கழிச்சு மறுபடியும் ஒரு தடவை"ன்னாங்க. எனக்கு ஆச்சரியம். புண் ஒருத்திக்கு, மருந்து ஏழு பேருக்கா? இதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டதில்தான் இந்த வரலாறு எனக்குத் தொடங்கியது.

முதலில் நோயைப் பற்றி ஒரு வார்த்தை. சிரங்கு ஒரு பூச்சியால் வருகிறது. அரை மில்லி மீட்டர்கூட இருக்காது. பெண் பூச்சி தோலின் மேல் அடுக்கில் எலி வளை தோண்டுவது போல வளை தோண்டி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முட்டை இடும். மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். இரண்டு வாரத்துக்குள் அது வளர்ந்து அடுத்த வளையைத் தோண்டும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, மார்பு, மறைவிடம் என்று தோல் மெல்லிசாக இருக்கிற இடமாகப் பார்த்துப் போகும்.

இந்தப் பூச்சியை முதலில் கண்டது யார்? இத்தாலி நாட்டில் லிவோர்னோ என்று ஒரு துறைமுக ஊர். அங்கே 1687-ல் பொனோமோ என்ற மருத்துவரும், செஸ்டோனி என்ற மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். சிரங்கு ரத்தம் கெட்டுப் போவதால் வருகிறது, அதனால் பேதிக்குக் கொடுக்க வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும் என்றெல்லாம் பெரிய மருத்துவர்கள் நம்பிய காலம் அது. பொனோமோ என்ன எழுதினார் தெரியுமா? ஏழைப் பெண்கள் தங்கள் பிள்ளைகளின் சிரங்கிலிருந்து குண்டூசி முனையால் ஏதோ ஒன்றை எடுத்து, நகத்தில் வைத்துக் குத்துவதைப் பார்த்திருக்கிறார். அவரும் ஒரு நோயாளியின் தோலிலிருந்து ஊசியால் அதை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஆமை மாதிரி ஒரு சின்னப் பூச்சி தெரிந்தது. அது முட்டை இடுவதையும் கண்டார்.

சகோதரிகளே, இந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். பெரிய மருத்துவர்கள் காணாததை, பேன் பார்க்கிற கையால் அம்மாக்கள் கண்டிருக்கிறார்கள். அவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பொனோமோ இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். பூச்சி தோலில் இருப்பதால் உள்ளுக்குக் கொடுக்கும் கஷாயத்தால் பயன் இல்லை, மேலுக்குத்தான் மருந்து பூச வேண்டும் என்றார். பூச்சி செத்தாலும் முட்டை மிச்சம் இருக்கும், அதனால் குணமானது போலத் தெரிந்த பிறகும் சில நாள் பூச வேண்டும் என்றார். எங்க செவிலியர் அம்மா "ஏழு நாள் கழிச்சு மறுபடியும்"னு சொன்னதன் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் அவர் பேச்சு அப்போது எடுபடவில்லை. 1812-ல் பாரிஸ் நகரத்து செயின்ட் லூயி மருத்துவமனையில் காலெஸ் என்பவர், பூச்சியை நானும் கண்டேன் என்று படம் போட்டுக் காட்டினார். மற்றவர்கள் தேடினால் கிடைக்கவே இல்லை. நம்ம ஊரில் பழைய அரிசியில் வண்டு பிடிப்பது போல, அங்கே சீஸ் என்கிற பாலாடைக்கட்டியில் ஒரு பூச்சி பிடிக்கும். காலெஸ் காட்டியது அந்தச் சீஸ் பூச்சியின் படம்தான் என்று 1829-ல் ராஸ்பெயில் என்ற அறிஞர் எடுத்துக்காட்டினார். சிரங்குப் பூச்சி என்பதே பொய் என்று பலர் சொல்லிவிட்டார்கள்.

அந்த வழக்கைத் தீர்த்ததும் பெண்கள் கற்றுக் கொடுத்த பாடம்தான். கோர்சிகா என்ற தீவிலிருந்து ரெனுச்சி என்று ஒரு மாணவர் பாரிசுக்குப் படிக்க வந்தார். தன் தீவில் ஏழைப் பெண்கள் ஊசியால் பூச்சி எடுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். 1834 ஆகஸ்ட் மாதம் அதே செயின்ட் லூயி மருத்துவமனையில், எல்லோர் முன்னாலும் ஒரு நோயாளியின் தோலிலிருந்து பூச்சியை எடுத்துக் காட்டினார். மருத்துவர்கள் கொப்புளத்துக்குள் தேடினார்கள். பூச்சி இருப்பது அதற்குச் சற்றுத் தள்ளி, வளையின் முனையில். பெண்களுக்கு அது தெரியும். லிவோர்னோவில் எழுதியதை உலகம் ஒத்துக்கொள்ள 147 வருஷம் ஆனது.

பூச்சிதான் காரணம் என்று ஆன பிறகு மருந்து பூசும் முறையும் மாறியது. அதே மருத்துவமனையில் பசான் என்ற மருத்துவர், புண் இருக்கும் இடத்தில் மட்டும் பூசாமல் உடம்பு முழுக்கக் கந்தகக் களிம்பைத் தேய்க்க வேண்டும் என்றார். அவருக்குப் பின் வந்த ஆர்டி என்பவர் அந்தச் சிகிச்சையை இரண்டு மணி நேரத்தில் முடிகிற மாதிரி செய்தார். கந்தகம் பூச்சியைக் கொல்லும். ஆனால் நாற்றம் அடிக்கும், துணியில் கறை பிடிக்கும், பல நாள் பூசினால் தோலே எரிந்து தனிப் புண்ணாகிவிடும்.

அடுத்த கட்டம் இரண்டாம் உலகப் போர் காலம். இங்கிலாந்தில் ராணுவத்திலும் ஊருக்குள்ளும் சிரங்கு மிகவும் பரவியது. நான் போர்வை துவைத்தது போலவே, போர்வையாலும் துணியாலும்தான் பரவுகிறது என்று நினைத்து எல்லாவற்றையும் சூடு காட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஷெஃபீல்டு நகரத்தில் கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியல் அறிஞர், இதை உண்மையாகவே சோதித்துப் பார்த்தால் என்ன என்று கேட்டார்.

சோதனைக்கு ஆள் வேண்டுமே! போரில் ஆளைக் கொல்ல மாட்டோம் என்று மனசாட்சிப்படி மறுத்த இளைஞர்கள் சிலர் அப்போது இருந்தார்கள். ஊர் அவர்களைக் கோழை என்று ஏசியது. அவர்களில் 12 பேர் முன்வந்தார்கள். 1941-ல் ஒரு வீட்டில் தங்கி, சிரங்கு பிடித்த சிப்பாய்கள் போட்டுக் கழற்றிய உள்ளாடையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் படுத்த போர்வைக்குள் துணியில்லாமல் படுத்தார்கள். வாரக் கணக்கில் இப்படிச் செய்தும் பெரும்பாலும் ஒட்டவே இல்லை. ஓரிருவருக்குத்தான் வந்தது. ஆனால் நோயாளியோடு ஒரே படுக்கையில் உடம்போடு உடம்பு பட்டுப் படுத்தபோது வந்தது.

இதிலிருந்து தெரிந்தது, சிரங்கு முக்கியமாக நெருங்கிய, நீண்ட நேரத் தொடுதலால் பரவுகிறது. பிள்ளையை அணைத்துத் தூங்குவது, ஒரே பாயில் நாலு பேர் படுப்பது, கணவன் மனைவி, நாள் முழுக்க இடுப்பில் பிள்ளை. அதாவது பாசம் இருக்கிற இடத்தில் பரவுகிற நோய். பணத்தைக் கைமாற்றுகிற அந்த ஒரு நொடியில் வருவது இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு அந்தத் தங்கச்சி முகம்தான் ஞாபகம் வந்தது.

அந்த இளைஞர்கள் மாதக் கணக்கில் மருந்து போடாமல் அரிப்பைத் தாங்கிக்கொண்டதால் இன்னொன்றும் தெரிந்தது. முதல் முறை பூச்சி ஏறினால் உடனே அரிக்காது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் அரிப்பு தொடங்கும். குணமாகி இரண்டாம் முறை ஏறினால் ஒரு நாளுக்குள்ளேயே அரிக்கும். அரிப்பு என்பது பூச்சி கடிப்பதால் வருவதைவிட, பூச்சிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பால் வருவது. அரிப்பு இல்லாதவர் உடம்பிலும் பூச்சி இருக்கலாம் என்பதற்கும், வீட்டில் எல்லோருக்கும் பூச வேண்டும் என்பதற்கும் அந்த ஒரு மாதம்தான் காரணம். பூச்சி எல்லாம் செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருப்பதும் இதனால்தான்.

அவர்கள் பூச்சியை எண்ணியும் பார்த்தார்கள். 886 நோயாளிகளிடம் ஊசியால் எடுத்து எண்ணியதில், ஒருவர் உடம்பில் சராசரியாக 11 பெண் பூச்சிகள்தான் இருந்தன. அத்தனை அரிப்புக்கும் பதினோரு பூச்சி!

பிறகு மருந்துகளைச் சோதித்தார்கள். கந்தகக் களிம்பு ஒரு பக்கம். பென்சைல் பென்சோயேட் என்ற மருந்து இன்னொரு பக்கம். அது டென்மார்க்கில் கிஸ்மேயர் என்ற மருத்துவர் ஏற்கெனவே பயன்படுத்தி 1937-ல் எழுதியிருந்த மருந்து. கந்தகத்தைப் பல நாள் பூச வேண்டியிருந்தது, தோலும் கெட்டது. பென்சைல் பென்சோயேட்டைக் கழுத்துக்குக் கீழே ஒரு இடம் விடாமல் ஒழுங்காக ஒரு தடவை பூசினாலே ஏறக்குறைய எல்லோருக்கும் குணமானது. அதற்கு முன்னால் வெந்நீரில் குளிக்க வைத்து, தோல் சிவக்கத் தேய்க்க வேண்டும் என்று வைத்திருந்த வழக்கமும் தேவையில்லை என்று ஆனது.

சோதனை என்பது குணமாகுதா என்று பார்ப்பதோடு முடியாது, கெடுதல் வருதா என்றும் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் லிண்டேன் என்ற மருந்து உலகம் முழுக்கப் பரவியது. நம் நாட்டிலும் நிறையப் பயன்பட்டது. பூச்சியைக் கொன்றது உண்மை. ஆனால் தோல் வழியாக உள்ளே போய் நரம்பைப் பாதிக்கும், குழந்தைகளுக்கு வலிப்புகூட வரலாம் என்று தெரிந்த பிறகு பல நாடுகள் அதைக் கட்டுப்படுத்தின. இப்போது பெரும்பாலும் தருவது பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு.

நம்ம வேப்பிலையும் மஞ்சளும் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அதையும் சோதித்திருக்கிறார்கள். 1992-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுதை 814 பேருக்குப் பூசி, 100-க்கு 97 பேருக்கு 3 முதல் 15 நாளுக்குள் குணமானது என்று எழுதியிருக்கிறார்கள். படித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னும் ஆராய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். என் மகளுக்கு ஏன் கேட்கவில்லை? வேப்பிலை மேல் குற்றமா, என் மேல் குற்றமா என்று என்னால் சொல்ல முடியாது. ஏனென்றால் நான் ஒரு பிள்ளைக்கு மட்டும், புண் மேல் மட்டும் பூசினேன். பாதி வேலை செய்துவிட்டு மருந்தைக் குறை சொல்வதும் தப்பு, புகழ்வதும் தப்பு.

கடைசியாக பிஜித் தீவுகள். அங்கே சிரங்கு மிக அதிகம். மூன்று இடங்களில் 2,000-க்கும் மேற்பட்ட மக்களிடம் சோதனை செய்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு இடத்தில் நோய் உள்ளவர்களுக்கும் அவர்களோடு நெருங்கிப் பழகுபவர்களுக்கும் மட்டும் பெர்மெத்ரின் களிம்பு. இன்னொரு இடத்தில் நோய் இருக்கோ இல்லையோ எல்லோருக்கும் அதே களிம்பு. மூன்றாவது இடத்தில் எல்லோருக்கும் ஐவர்மெக்டின் என்ற மாத்திரை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். முதல் இடத்தில் 100 பேரில் 37 பேருக்கு இருந்தது 19 ஆனது. எல்லோருக்கும் களிம்பு கொடுத்த இடத்தில் 42 இருந்தது 16 ஆனது. மாத்திரை கொடுத்த இடத்தில் 32 இருந்தது 2 ஆனது. உடம்பு முழுக்கக் களிம்பு பூசி ராத்திரி முழுக்க வைத்திருப்பது எவ்வளவு சிரமம் என்று பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய நமக்குத் தெரியாதா? அதனால் மாத்திரை ஜெயித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அந்த மாத்திரை கொடுப்பதில்லை. அவர்களுக்குக் களிம்புதான். எது யாருக்கு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். 2017-ல் உலக சுகாதார நிறுவனமும் சிரங்கை, கவனிக்காமல் விடப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

இப்போது எங்க வீட்டுக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு பேரும் பூசிக்கொண்டோம். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே"ன்னு என் வீட்டுக்காரர் முரண்டு பிடித்தார். அந்த ஒரு மாதக் கதையைச் சொன்னதும் கையை நீட்டினார். நகத்தை ஒட்ட வெட்டி, நகத்துக்கு அடியிலும் பூசினோம். காலையில் குளித்து, அன்று உடுத்தியதையும் படுத்ததையும் துவைத்து வெயிலில் போட்டேன். ஏழாம் நாள் மறுபடி. இரண்டு வாரம் ஆகியும் பிள்ளை கொஞ்சம் சொறிந்தபோது எங்க மாமியார், "மருந்து கேக்கல, வேற மாத்து"ன்னாங்க. செவிலியர் அம்மாவிடம் காட்டினேன். புதுசாக வளை எதுவும் இல்லை, இது பழைய அரிப்புதான் என்றார்கள். நாலாவது வாரம் பிள்ளை விடிய விடியத் தூங்கினாள். நானும் தூங்கினேன்.

அதற்கு அடுத்த வாரம் நான் அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். நடந்ததையெல்லாம் சொல்லி, "என்னை மன்னிச்சிரும்மா"ன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் காபி போட்டுக் கொடுத்தாள். டம்ளரை அவள் கையிலிருந்தே வாங்கினேன். அவள் வீட்டிலும் மறுபடி சிரங்கு இருந்தது. ஒரே நாளில் எல்லோரும் பூசவில்லை என்பதுதான் காரணம். எங்க தெருவில் சிரங்கு இருந்த நாலு வீட்டுக்காரர்களும் பேசி வைத்து, செவிலியர் அம்மாவிடம் முறையாக மருந்து வாங்கி, ஒரே ராத்திரியில் பூசிக்கொண்டோம். அவள் மறுபடி கூட்டத்துக்கு வந்தாள். நின்ற தவணையைக் கட்டி முடித்தாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

சகோதரிகளே, இந்த வரலாற்றில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். யாரோ சோதித்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. சோதிக்காமல் பேசியபோதெல்லாம் நோயாளிதான் பழி சுமந்தார். அதிலும் அம்மா. "வீடு அழுக்கு"ன்னு நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தினமும் குளிக்கிற வீட்டிலும் சிரங்கு வரும்.

எனவே உங்கள் குழுவில் யாருக்காவது சிரங்கு வந்தால் அவரைத் தள்ளி உட்கார வைக்காதீர்கள். கடையில் கேட்டுக் கிடைத்த களிம்பைப் பூசாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் மறக்காமல் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் பூசுங்கள், ஏழு நாள் கழித்து மறுபடி பூசுங்கள். நாள் குறித்துச் சேர்ந்து செய்வது நமக்குப் புதுசா என்ன? வாரா வாரம் ஒரே நாளில் கூடிச் சேமிக்கிறவர்கள்தானே நாம்.

ஊசி முனையில் பூச்சியைக் கண்ட அந்தப் பெயர் தெரியாத அம்மாக்களுக்கு என் வணக்கம்.